ஒரே ரூட்டரில் வீட்டுக்கு, வாடகை அறைக்கு, கேமராவுக்குத் தனித்தனி வைஃபை: எத்தனை எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்), எப்படிப் பிரிப்பது?

#1 செந்தூல்_17ஆம்_மாடி

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் மூன்று அறை கொண்டோ. யூனிஃபை இணையச் சேவை, 300 எம்பிபிஎஸ். ரூட்டர் இரண்டு பேண்ட் உள்ளது, ஓப்பன்வர்ட் 23.05 (ரூட்டருக்கான மாற்று மென்பொருள்) ஏற்றியாயிற்று, ஃபிளாஷ் 128 எம்பி, ராம் 256 எம்பி. ஓர் அறையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.

திட்டம் இது: வீடு, மாணவர்கள், விருந்தினர், கேமரா என நான்கு எஸ்எஸ்ஐடி. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் போட்டால் மொத்தம் எட்டு. இப்போதைக்கு வயர்லெஸ் பக்கத்தில் 'ஆட்' அழுத்தி மாணவர்களுக்கு மட்டும் ஒன்று சேர்த்து, வேறு கடவுச்சொல்லும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரில் இணைந்த போனிலிருந்து என் பிரிண்டர் தெரிகிறது, ரூட்டர் நிர்வாகப் பக்கமும் திறக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் வேறாக இருந்தும் ஏன் பிரியவில்லை?

#2 வலைக்காவல்

வாசல் இரண்டு வைத்தீர்கள், உள்ளே கூடம் ஒன்றுதான். அதனால்தான்.

எஸ்எஸ்ஐடி என்பது ரேடியோ அறிவிக்கும் பெயர். மெய்நிகர் எஸ்எஸ்ஐடி சேர்க்கும்போது ரூட்டர் அதே ரேடியோவின் மேல் இன்னொரு இடைமுகத்தை உருவாக்கி, அதற்கு வேறு மேக் முகவரியும் (வன்பொருள் அடையாள எண்) தருகிறது. போன் கண்ணுக்கு அது இன்னொரு ரூட்டர். ஆனால் அந்த இடைமுகத்தை எந்த நெட்வொர்க்கோடு கட்டுகிறீர்கள் என்பதுதான் பிரிவினையைத் தீர்மானிக்கும். 'ஆட்' அழுத்தியபோது 'நெட்வொர்க்' என்ற கட்டத்தில் 'லேன்' (வீட்டின் உள்வலை) டிக் ஆகியிருக்கும். பழைய வைஃபை, புதிய வைஃபை, கேபிள் போர்ட்டுகள் மூன்றும் ஒரே பிரிட்ஜில் (பல இணைப்புகளை ஒரே வலையாக்கும் பாலம்) சேர்ந்துவிட்டன. ஒரே டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை), ஒரே 192.168.1.x. ஃபயர்வால் அந்தப் பாதையில் நிற்கவே இல்லை, ஏனென்றால் ஒரே பிரிட்ஜுக்குள் நடக்கும் போக்குவரத்து அதன் கண்ணில் படாது.

பிரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் தனி பிரிட்ஜ், தனி ஐபி வரிசை, தனி டிஎச்சிபி, தனி ஃபயர்வால் ஸோன் (ஒரே அனுமதி விதிகள் பொருந்தும் பகுதி) நான்கும் வேண்டும். ஒன்று விட்டாலும் அரைகுறைதான். படிகளை எழுதுகிறேன். அதற்கு முன் எத்தனை எஸ்எஸ்ஐடி என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

#3 அலைவரிசை

எட்டு வேண்டாம். இதை ரொம்பப் பேர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை பீக்கன் ('நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பு) அனுப்பும். வினாடிக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் இணைந்திருக்காவிட்டாலும் அனுப்பும். பீக்கன் போவது உங்கள் 300 எம்பிபிஎஸ் வேகத்தில் அல்ல, ரேடியோவில் அனுமதித்திருக்கும் மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸில் பழைய 802.11பி வேகங்கள் திறந்திருந்தால் அது 1 எம்பிபிஎஸ்.

ஒரு பீக்கன் 300 பைட் என்று கொள்வோம். அதாவது 2400 பிட். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் 2.4 மில்லிவினாடி, பொட்டலத்துக்கு முன் போகும் தொடக்கச் சமிக்ஞைக்கு இன்னும் 0.19. ஆக 2.6. வினாடிக்கு ஏறத்தாழ 9.8 தடவை என்றால் 25 மில்லிவினாடி, அதாவது அந்தச் சேனலின் நேரத்தில் 2.5 விழுக்காடு. நான்கு எஸ்எஸ்ஐடி போட்டால் 10 விழுக்காடு ஒரு பைட் தரவும் போகாமலேயே தீர்ந்துவிடும். கொண்டோவில் சுற்றிலும் உள்ள வீடுகளும் இதையேதான் செய்கின்றன. அதே சேனலில் கேட்கும் தூரத்தில் இன்னும் இருபது எஸ்எஸ்ஐடி இருந்தால் பாதி நேரம் பீக்கனுக்கே போய்விடும்.

அதே பீக்கன் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் போனால் 0.42 மில்லிவினாடிதான். விழுக்காடு 0.4. அதனால் முதல் வேலை: வயர்லெஸ் பக்கத்தில் 2.4 ரேடியோவின் 'எடிட்', 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்', அங்கே 802.11பி வேகங்களை அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். 802.11பி மட்டுமே தெரிந்த கருவி இன்று வீட்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே தொடக்கமே 6 எம்பிபிஎஸ்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். ஒரு ரேடியோவில் எத்தனை பெயர் போட்டாலும் சேனல், அகலம், ஆற்றல் எல்லாம் பொதுவானவை. மாணவர்களுக்குச் சேனல் 36, வீட்டுக்கு 149 என்று தர முடியாது. டிஎஃப்எஸ் (ரேடாருக்கு வழிவிட வேண்டிய) சேனலில், அதாவது 52 முதல் 144 வரை வைத்து, ரேடார் அலை தென்பட்டால் எல்லாப் பெயர்களும் சேர்ந்தே இடம் மாறும். அந்தச் சேனல்களில் தொடங்கும்போதும் குறைந்தது 60 வினாடி காத்திருந்து கேட்ட பிறகுதான் ஒலிபரப்பு. 'எஸ்எஸ்ஐடி தெரியவில்லை' என்று ஐந்து தடவை ரீஸ்டார்ட் செய்பவர்கள் அந்த ஒரு நிமிடத்தை மறுபடி மறுபடி தொடங்கிவைக்கிறார்கள். நாட்டுக் குறியீடு மலேசியா என்று இருக்கட்டும், 2.4இல் சேனல் அகலம் 20, சேனல் 1, 6, 11இல் ஒன்று.

என் பரிந்துரை: வீடு இரண்டு பேண்டிலும், மாணவர்களும் விருந்தினரும் சேர்ந்து ஒன்று, அதுவும் இரண்டு பேண்டிலும், கேமரா 2.4இல் மட்டும். 2.4இல் மூன்று, 5இல் இரண்டு. அதற்கு மேல் போகாதீர்கள்.

#4 செந்தூல்_17ஆம்_மாடி

கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி. 802.11பி டிக்கை எடுத்துவிட்டேன். மாணவர்களையும் வந்து போகும் விருந்தினரையும் ஒரே வலையில் விடலாமா? ஒருவர் போனில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாதா?

#5 வலைக்காவல்

தெரியாமல் வைக்கலாம். எஸ்எஸ்ஐடி அமைப்பில் 'ஐசோலேட் கிளையன்ட்ஸ்' என்று ஒரு டிக் உண்டு. ஆனால் அதன் எல்லை அந்த ஒரு பேண்டில் உள்ள அந்த ஒரு எஸ்எஸ்ஐடி மட்டும். 2.4இல் இருக்கும் போனும் 5இல் இருக்கும் மடிக்கணினியும் பிரிட்ஜ் வழியாகப் பார்த்துக்கொள்ளும். பிரிட்ஜ் போர்ட்டையும் தனிமைப்படுத்தும் டிக் உங்கள் பதிப்பில் இருந்தால் இரண்டு பேண்டிலும் அதையும் போடுங்கள். இல்லையென்றால் இரண்டு பேண்டுக்கும் இரண்டு தனி பிரிட்ஜ், இரண்டு ஐபி வரிசை. வேலை இரட்டிப்பு, ஆனால் பலன் முழுமை.

இனி படிகள். பெயர்களைத் திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். கேபிளில் இணைந்த கணினியிலிருந்து செய்யுங்கள், வைஃபையிலிருந்து வேண்டாம். முதலில் சிஸ்டம் பக்கத்தில் பேக்அப் எடுத்துவிடுங்கள்.

அ. 'நெட்வொர்க்', 'இன்டர்ஃபேசஸ்', மேலே 'டிவைசஸ்' தாவல். புது டிவைஸ், வகை பிரிட்ஜ், பெயர் 'பிஆர்-கெஸ்ட்'. போர்ட் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். 'பிரிங் அப் எம்ப்டி பிரிட்ஜ்' என்ற டிக்கை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், கேபிள் போர்ட் இல்லாத பிரிட்ஜ் வைஃபை எழும்வரை எழாது.

ஆ. 'இன்டர்ஃபேசஸ்' தாவலுக்குத் திரும்பி புதிதாக ஒன்று. பெயர் 'கெஸ்ட்', முறை 'ஸ்டாட்டிக் அட்ரஸ்', டிவைஸ் 'பிஆர்-கெஸ்ட்'. ஐபி 192.168.20.1, மாஸ்க் 255.255.255.0. கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே எதையாவது நிரப்பினால் ரூட்டரே வெளியே போகும் வழியில் குழம்பிவிடும். 'டிஎச்சிபி சர்வர்' தாவலில் அமைப்பை இயக்கி, தொடக்கம் 100, எண்ணிக்கை 100, குத்தகை 2 மணி நேரம். வந்து போகும் கருவிகளுக்கு 12 மணி நேரம் தேவையில்லை.

இ. அதே இடைமுகத்தின் 'ஃபயர்வால்' தாவலில் 'கெஸ்ட்' என்று புது ஸோன். பிறகு 'நெட்வொர்க்', 'ஃபயர்வால்' போய் அந்த ஸோனுக்கு: இன்புட் (ரூட்டருக்கே வருவது) ரிஜெக்ட், அவுட்புட் (ரூட்டரிலிருந்து கிளம்புவது) அக்செப்ட், ஃபார்வர்ட் (ரூட்டர் வழியாக வேறு வலைக்குக் கடப்பது) ரிஜெக்ட். எந்த ஸோனுக்குப் போகலாம் என்ற இடத்தில் 'வான்' (இணையப் பக்கம்) மட்டும்.

ஈ. 'டிராஃபிக் ரூல்ஸ்' பக்கத்தில் இரண்டு விதி. ஒன்று, டிஎச்சிபிக்கு: கெஸ்ட் ஸோனிலிருந்து 'திஸ் டிவைஸ்' (ரூட்டர்), யூடிபி, போர்ட் 67, அக்செப்ட். இரண்டு, டிஎன்எஸ்க்கு (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை): கெஸ்ட்டிலிருந்து 'திஸ் டிவைஸ்', டிசிபி, யூடிபி இரண்டும், போர்ட் 53, அக்செப்ட்.

உ. 'வயர்லெஸ்' பக்கத்தில் மாணவர் எஸ்எஸ்ஐடியைத் திறந்து 'நெட்வொர்க்' கட்டத்தில் லேனை எடுத்துவிட்டு கெஸ்ட்டை டிக் செய்யுங்கள்.

ஒரு நுணுக்கம். விருந்தினர் போனில் 192.168.1.1 தட்டினால் என்ன நடக்கும்? ஃபார்வர்டை மூடியதால் தடைபடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 192.168.1.1 ரூட்டரின் சொந்த முகவரி. அது எந்த வலையின் முகவரியாக இருந்தாலும் ரூட்டருக்கு அது 'இன்புட்'. அதனால் நிர்வாகப் பக்கத்தை மூடுவது இன்புட் ரிஜெக்ட்தான். 'டிஎச்சிபி கிடைக்கவில்லை' என்று இன்புட்டை அக்செப்ட் ஆக்கிவிட்டால் எல்லாம் ஓடும், நிர்வாகப் பக்கமும் திறந்தே கிடக்கும்.

கேமராவுக்கும் இதே ஐந்து படி, ஐபி 192.168.30.1, ஸோன் பெயர் வேறு.

#6 செந்தூல்_17ஆம்_மாடி

செய்தேன். மாணவர் போன் இணைகிறது, ஆனால் 'ஐபி முகவரி பெறுகிறது' என்பதிலேயே நிற்கிறது. மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது.

#7 பிறை_வயர்மேன்

169.254 வந்தாலே டிஎச்சிபி பதில் வரலைன்னு அர்த்தம், அது கணினி தனக்குத் தானே வச்சுக்கிற முகவரி. வைஃபை கடவுச்சொல் சரி, ரேடியோ சரி. அதனால அந்தப் பக்கம் போயி நேரத்தை வீணாக்க வேணாம்.

வரிசையாப் பாருங்க. போர்ட் 67 விதியில மூலம் 'கெஸ்ட்', இலக்கு 'திஸ் டிவைஸ்'னு இருக்கா? புது விதி போடும்போது இலக்கு ஸோன் 'லேன்'னு தானா வந்து உட்கார்ந்திருக்கும். அப்படியே சேமிச்சா அது ஃபார்வர்ட் விதியாயிடும், ரூட்டருக்கு வர்ற கேள்விக்கு அது பொருந்தாது. பத்துல எட்டு பேருக்கு இங்கதான் மாட்டும். அது சரின்னா, மூலப் போர்ட் கட்டத்துல 67 எழுதிட்டீங்களான்னு பாருங்க. போன் 68இலிருந்து கேட்கும், 67 இலக்குப் போர்ட்.

ஐபி கிடைச்சு இணையம் வராட்டி அடுத்த சோதனை: 1.1.1.1க்கு பிங் (பதில் வருதான்னு பார்க்கிற சோதனை) போகுதா? போனா, பெயர் மட்டும் திறக்கலைன்னா, 53 விதி. பிங்கே போகலைன்னா கெஸ்ட்டிலிருந்து வானுக்குப் போற அனுமதி இல்ல, இல்லாட்டி வான் ஸோன்ல 'மாஸ்கரேடிங்' (உள் முகவரியை வெளி முகவரியா மாத்தி அனுப்புறது) டிக் போயிடுச்சு.

#8 செந்தூல்_17ஆம்_மாடி

இலக்கு 'லேன்' என்றுதான் இருந்தது. மாற்றியதும் 192.168.20.137 கிடைத்தது, இணையமும் வருகிறது. பிரிண்டர் தெரியவில்லை, நிர்வாகப் பக்கம் திறக்கவில்லை. நன்றி அண்ணே.

#9 ஜெலுத்தோங்_ஹோம்ஸ்டே

பினாங்கிலிருந்து. இதே படிகளை ஹோம்ஸ்டே வீட்டில் செய்திருக்கிறேன். வித்தியாசம் ஒன்று: இணையச் சேவைக்காரர் கொடுத்த ரூட்டரை எடுக்கவில்லை, அதன் லேன் போர்ட்டிலிருந்து என் ரூட்டரின் வான் போர்ட்டுக்குக் கேபிள். சேவைக்காரர் ரூட்டரில் சிசிடிவி ரெக்கார்டரும் டிவியும் இணைந்திருக்கின்றன, 192.168.0.x. விருந்தினர் போனிலிருந்து என் லேன் எதுவும் தெரியவில்லை, ஆனால் 192.168.0.50 என்று தட்டினால் ரெக்கார்டரின் உள்நுழைவுப் பக்கம் வருகிறது. கெஸ்ட் ஸோன் எல்லாம் மேலே சொன்னபடியே உள்ளது.

#10 வலைக்காவல்

உங்கள் ரூட்டருக்கு 'வான்' என்றால் தன் வான் போர்ட்டுக்கு அப்பால் உள்ள எல்லாம். சேவைக்காரர் ரூட்டரில் செருகிய ரெக்கார்டரும் அதன் பார்வையில் இணையத்தைச் சேர்ந்ததுதான். 'கெஸ்ட் வானுக்குப் போகலாம்' என்ற அனுமதியிலேயே அது அடங்கிவிடுகிறது. இது மிக ஆபத்தான ஓட்டை, ஏனென்றால் எல்லாம் சரியாகப் பிரிந்துவிட்டது போலவே தோன்றும்.

வழி இரண்டு. நல்ல வழி, ரெக்கார்டரையும் டிவியையும் உங்கள் ரூட்டருக்குக் கீழே கொண்டுவருவது. உடனே செய்ய முடியாவிட்டால் 'டிராஃபிக் ரூல்ஸ்' பக்கத்தில் ஒரு விதி: மூலம் கெஸ்ட், இலக்கு ஸோன் வான், நெறிமுறை எல்லாம், இலக்கு முகவரி 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றும், செயல் ரிஜெக்ட். தனி விதிகள் ஸோன் அனுமதிக்கு முன்பே சரிபார்க்கப்படும் என்பதால் இது முந்திக்கொள்ளும். இணையம் தடைபடாது, 192.168.0.1 வழியாகப் பொட்டலம் கடந்து போகிறதே தவிர, அதன் இலக்கு அது அல்ல. ஆனால் விருந்தினருக்கு டிஎன்எஸ் முகவரியாக 192.168.0.1ஐ டிஎச்சிபி வழியாகக் கொடுத்திருந்தால் பெயர்கள் திறக்காது. டிஎன்எஸ் உங்கள் ரூட்டராகவே இருக்கட்டும்.

இரண்டு ரூட்டரும் ஒரே வரிசையில் இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். மேலேயும் 192.168.1.x, கீழேயும் 192.168.1.x என்றால் எதுவும் வெளியே போகாது.

செந்தூல் நண்பருக்கு: உங்கள் ரூட்டரே நேராக பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல்லோடு சேவைக்காரரிடம் நுழையும்) இணைப்பை எடுக்கிறது என்றால் இந்த ஓட்டை இல்லை. யூனிஃபையில் இணையம் விலான் (ஒரே கேபிளில் எண் போட்டுப் பிரித்த வலை) 500இல் வருகிறது, டிவி 600இல். மேக்ஸிஸ் ஃபைபரில் இணையம் 621. பழைய வகை சுவிட்ச் அமைப்புள்ள ரூட்டர்களில் வான், லேன் இரண்டுக்கும் உள்ளே ஒரே சுவிட்ச் சிப்தான். அதனால் வீட்டுக்குள் விலான் எண் வைக்கும்போது இந்த எண்களைத் தொடாதீர்கள்.

#11 செந்தூல்_17ஆம்_மாடி

நேர் பிபிபிஓஇ, விலான் 500தான். அடுத்த கேள்வி. மாணவர் அறை கடைசியில் இருக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டவில்லை. அறை வாசலில் ஒரு லேன் சாக்கெட் உண்டு. பழைய ரூட்டர் ஒன்றை அங்கே ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவி) வைத்தால் இரண்டு பெயரும் அதிலும் வருமா? வழியில் ஐந்து போர்ட் சாதா சுவிட்ச் ஒன்று இருக்கிறது.

#12 பிறை_வயர்மேன்

வரும், ஆனா ஒரே கேபிள்ல ரெண்டு வலை போகணும். அதுக்குத்தான் விலான். ஒவ்வொரு பொட்டலத்துலயும் 4 பைட் டேக் ஒட்டி, இது வீடு, இது கெஸ்ட்னு எண் போட்டு அனுப்புறது. வீட்டுக்கு 10, கெஸ்ட்டுக்கு 20, கேமராவுக்கு 30ன்னு வைங்க. ஐபி வரிசையோட எண் ஒத்துப்போனா பின்னாடி குழப்பம் இல்ல, அதனால வீட்டையும் 192.168.10.1க்கு மாத்திடுங்க.

மெயின் ரூட்டர்ல 'டிவைசஸ்' தாவல், 'பிஆர்-லேன்' எடுத்து 'பிரிட்ஜ் விலான் ஃபில்டரிங்' இயக்குங்க. விலான் 10: லேன்1, 2, 3 டேக் இல்லாம, அதுவே முதன்மை விலான், லேன்4 டேக்கோட. விலான் 20, 30: லேன்4 மட்டும் டேக்கோட. அப்புறம் 'லேன்' இடைமுகத்தோட டிவைஸை 'பிஆர்-லேன்.10' ஆக்குங்க, 'கெஸ்ட்'டை 'பிஆர்-லேன்.20' ஆக்குங்க, கேமராவை '.30'. முன்னாடி செஞ்ச காலி பிரிட்ஜ் இனி தேவையில்ல.

இங்கதான் எல்லாரும் வெளியே பூட்டிக்கிறாங்க. ஃபில்டரிங் போட்டதும் 'சேவ் அண்ட் அப்ளை' அழுத்தினா லேன் இடைமுகம் இன்னும் பழைய 'பிஆர்-லேன்'லயே நிக்கும், ரூட்டரைத் தொடவே முடியாது. ரெண்டு மாற்றத்தையும் 'சேவ்' மட்டும் போட்டுச் சேர்த்து வச்சுட்டு, கடைசியா ஒரே தடவை அப்ளை பண்ணுங்க. பூட்டிக்கிட்டாலும் பயப்படாதீங்க: 90 வினாடிக்குள்ள உங்க பிரவுசர் ரூட்டரை எட்டலைன்னா அமைப்பு தானாப் பழைய நிலைக்குத் திரும்பிடும். அந்த 90 வினாடியில பவரைப் பிடுங்காம கையைக் கட்டிக்கிட்டு இருங்க. ஐபி வரிசையை மாத்துறது மட்டும் வேற ஒரு நாள், தனியா. முகவரி மாறினா பிரவுசர் பழைய முகவரியைத்தான் தேடும், அதனால 90 வினாடிக்குள்ள எட்டாது, மாற்றமும் நிக்காது. அதுக்கு அப்ளை பொத்தான் பக்கத்துல இருக்கிற சோதனை இல்லாத தேர்வை எடுக்கணும்.

அறை வாசல் ரூட்டர்ல: அதே மூணு விலான், மெயினுக்குப் போற போர்ட் டேக்கோட. லேன் இடைமுகத்துக்கு 192.168.10.2, கேட்வே 192.168.10.1, டிஎச்சிபி நிறுத்தம். கெஸ்ட் இடைமுகம் 'அன்மேனேஜ்ட்', ஐபியே வேணாம். வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூணும் மெயின்ல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும், இல்லாட்டி போன் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவாது. சேனல் மட்டும் வேற.

சாதா சுவிட்ச் விஷயம்: பெரும்பாலான சாதா சுவிட்ச் டேக்கை அப்படியே கடத்திடும், சில பழசு 1522 பைட் பொட்டலத்தைக் கீழே போட்டுடும். அப்ப சின்னப் பக்கம் திறக்கும், பெரிய கோப்பு இறங்காது. கடத்தினாலும் பாதுகாப்பு கிடையாது. அந்த சுவிட்சுல யார் செருகினாலும் மூணு வலையும் அவங்க கைக்கு எட்டும். விலான் தெரிஞ்ச ஐந்து போர்ட் சுவிட்ச் ஒண்ணு மாத்துங்க, டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி105இ மாதிரி வகை போதும். டேக் இல்லாத போர்ட்டுக்கு உறுப்பினர் விலானும் பிவிஐடியும் (டேக் இல்லாம உள்ள வர்ற பொட்டலத்துக்கு ஒட்டுற விலான் எண்) ரெண்டும் ஒரே எண்ணா மாத்தணும். உறுப்பினர் விலானை மட்டும் மாத்தி பிவிஐடியை விட்டா பதில் வரும், கேள்வி போகாது.

#13 அலைவரிசை

அந்த அறைக்கு ஆக்சஸ் பாயிண்ட் வந்தால் 2.4இல் அங்கே கேமரா எஸ்எஸ்ஐடி போட வேண்டாம், கேமரா அங்கே இல்லை என்றால். மெயினில் சேனல் 1, அங்கே 6 அல்லது 11.

பாதுகாப்பு வகை: வீட்டுக்கும் கெஸ்ட்டுக்கும் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு. கேமரா, ஸ்மார்ட் பிளக் வலைக்கு டபிள்யூபிஏ2 மட்டும், குறியாக்கம் சிசிஎம்பி. 'மேனேஜ்மென்ட் ஃபிரேம் புரொடெக்ஷன்' நிறுத்தம். மலிவுக் கருவிகள் சில கலப்பு முறையைப் பார்த்ததும் இணைய மறுக்கும், காரணமும் சொல்லாது. எஸ்எஸ்ஐடியை மறைப்பதால் பாதுகாப்பு எதுவும் கூடாது. பீக்கன் அப்போதும் போகும், பெயர் மட்டும் காலியாக இருக்கும்.

பெயரைத் தமிழில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். எஸ்எஸ்ஐடியின் எல்லை 32 எழுத்து அல்ல, 32 பைட். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும். மெய்க்கான புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறி. 'விருந்தினர்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: வி இரண்டு, ரு இரண்டு, ந் இரண்டு, தி இரண்டு, ன ஒன்று, ர் இரண்டு. மொத்தம் 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட் கூடுதல், ரூட்டர் ஏற்காது. அல்லது கடைசிப் புள்ளி பாதியில் வெட்டுப்பட்டு வேறு என்னவோ தெரியும். 'விருந்து' 24 பைட், 'இல்லம்' 18, 'வீடு' 12. தாராளமாக வைக்கலாம். கேமரா வலைக்கு மட்டும் வேண்டாம், அந்தக் கருவிகளின் செயலிகள் பல, ஆங்கில எழுத்து அல்லாத பெயரை ஏற்பதில்லை.

#14 செந்தூல்_17ஆம்_மாடி

'விருந்தினர்' என்றுதான் வைக்க நினைத்தேன், 'விருந்து' ஆக்கிவிட்டேன். இப்போது கேமராவும் பிரிண்டரும் 30ஆம் வலையில். வீட்டு மடிக்கணினியிலிருந்து பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் வரவில்லை.

#15 வலைக்காவல்

இரண்டு தனி விஷயம் இதில் இருக்கிறது. வழி திறந்திருக்கிறதா என்பது ஒன்று, கண்டுபிடிக்க முடிகிறதா என்பது இன்னொன்று.

வழி: ஃபயர்வாலில் லேன் ஸோனிலிருந்து கேமரா ஸோனுக்கு அனுமதி கொடுங்கள், மறுதிசையில் வேண்டாம். நீங்கள் தொடங்கிய உரையாடலுக்கான பதில் தானாகத் திரும்பி வரும், கேமரா தானாக உங்கள் கணினியைத் தொட முடியாது.

கண்டுபிடிப்பு: பிரிண்டர்கள் தங்களை எம்டிஎன்எஸ் (உள்வலையில் கருவிகள் பெயர் சொல்லும் முறை) வழியாக 224.0.0.251, போர்ட் 5353இல் அறிவிக்கும். அந்த அறிவிப்பு தன் வலையைத் தாண்டாது. பிரிண்டர் ஒன்றுதான் என்றால் அதற்கு நிலையான ஐபி ஒதுக்கி, கணினியில் அந்த ஐபியைத் தட்டிச் சேர்ப்பது போதும். டிவிக்குப் படம் அனுப்புவது போன்றவை வேண்டுமென்றால் 'ஆவாஹி' பொதியை ஏற்றி ரிஃப்ளெக்டரை (அறிவிப்பை இன்னொரு வலைக்கும் கடத்தும் வசதி) இயக்குங்கள், அந்த இரண்டு இடைமுகங்களுக்கு மட்டும். கெஸ்ட்டைச் சேர்த்தால் வீட்டில் உள்ள கருவிகளின் பெயரெல்லாம் மாணவர் போனில் வரும். கேமரா ஸோனிலிருந்து 'திஸ் டிவைஸ்' யூடிபி 5353 அனுமதியும் தேவை.

கேமராவுக்கு இணையமே வேண்டாம் என்று வானை மூடுபவர்கள் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். சில நாளில் கடிகாரம் விலகி, பதிவில் தவறான நேரம் வரும். சிஸ்டம் பக்கத்தில் ரூட்டரையே என்டிபி (நேரம் தரும்) சர்வராக்கி, யூடிபி 123ஐ 'திஸ் டிவைஸ்'க்குத் திறந்து, கேமராவில் நேர சர்வர் 192.168.30.1 என்று கொடுங்கள்.

#16 பிரிக்பீல்ட்ஸ்_டியூஷன்

வீட்டில் டியூஷன் நடக்கிறது, பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வைஃபை வேண்டும். ஃபர்ம்வேர் எல்லாம் மாற்றத் தெரியாது. கடையில் வாங்கிய ரூட்டரில் உள்ள 'கெஸ்ட் நெட்வொர்க்' போதுமா?

#17 பிறை_வயர்மேன்

போதும் அக்கா, மூணு விஷயம் பார்த்துக்குங்க. டிபி-லிங்க்ல விருந்தினர் ஒருத்தரையொருத்தர் பார்க்க விடுறது, உள்வலையைத் தொட விடுறதுன்னு ரெண்டு டிக் இருக்கும், ரெண்டும் காலியா இருக்கணும். ஆசுஸ்ல 'ஆக்சஸ் இன்ட்ராநெட்' நிறுத்தத்துல இருக்கணும்.

ரெண்டாவது, ரூட்டர் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில இருந்தா பல மாடல்ல கெஸ்ட் பெயர் மட்டும்தான் தனி, பிரிவினை போயிடும். ஏன்னா அந்த முறையில ஃபயர்வாலும் டிஎச்சிபியும் மேல இருக்கிற ரூட்டர் கையில. ரூட்டர் முறையிலயே விடுங்க.

மூணாவது, ஜெலுத்தோங் நண்பர் சொன்ன அதே ஓட்டை. மேல சேவைக்காரர் ரூட்டர் இருந்தா அதுல எதையும் செருகாதீங்க. எல்லாத்தையும் உங்க ரூட்டருக்குக் கீழே கொண்டு வந்துடுங்க. முடிச்சதும் பிள்ளைகள் வைஃபையில ஒரு போனை இணைச்சு, பிரவுசர்ல ரெண்டு ரூட்டரோட முகவரியையும் பிரிண்டர் முகவரியையும் தட்டிப் பாருங்க. மூணும் திறக்கக் கூடாது. லோ யாட் கடைகள் பக்கம் புது ரூட்டர் வாங்கினா பெட்டியில எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கான்னும் பார்த்து வாங்குங்க.

#18 செந்தூல்_17ஆம்_மாடி

கெஸ்ட்டிலிருந்து சோதித்தேன். 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1, பிரிண்டர், எதுவும் திறக்கவில்லை. ஆனால் ஒரு மாணவரின் மடிக்கணினியில் சில தளங்கள் மட்டும் திறக்க நேரமெடுக்கின்றன. போனில் அப்படி இல்லை.

#19 வலைக்காவல்

அந்த மடிக்கணினிக்கு ஐபிவி6 (புதிய, நீளமான முகவரி முறை) முகவரி கிடைத்திருக்கிறதா பாருங்கள். கெஸ்ட் இடைமுகத்தில் 'ஐபிவி6 அசைன்மென்ட் லெங்த்' 60 அல்லது 64 என்று இருந்தால் ரூட்டர் முன்னொட்டை (வலையின் முகவரித் தொடக்கம்) அறிவிக்கிறது. ஆனால் இன்புட் ரிஜெக்ட் இருப்பதால் அதற்கான ஐசிஎம்பிவி6 கேள்விகளுக்குப் பதில் போவதில்லை. கணினி ஐபிவி6இல் முயன்று, காத்திருந்து, பிறகு ஐபிவி4க்கு இறங்குகிறது. அந்தக் காத்திருப்புதான் உங்களுக்குத் தெரியும் தாமதம்.

உங்களுக்கு வரும் முன்னொட்டு /64 மட்டும் என்றால் அது ஒரு வலைக்குத்தான் போதும், கெஸ்ட்டில் 'டிசேபிள்ட்' ஆக்கிவிடுங்கள். டிஎச்சிபி தாவலில் ஐபிவி6 பகுதியில் ஆர்ஏ (முன்னொட்டை அறிவிக்கும்) சேவையையும் டிஎச்சிபிவி6 சேவையையும் நிறுத்துங்கள். /56 வந்து கெஸ்ட்டுக்கும் கொடுக்க விரும்பினால், கெஸ்ட் ஸோனிலிருந்து ஐசிஎம்பிவி6க்கும் யூடிபி 547க்கும் அனுமதி விதி சேருங்கள். 53 விதி 'ஐபிவி4 ஒன்லி' என்று இல்லாமல் இரண்டுக்கும் இருக்க வேண்டும்.

#20 செந்தூல்_17ஆம்_மாடி

முன்னொட்டு /64. கெஸ்ட்டில் நிறுத்தினேன், மடிக்கணினியின் வைஃபையை ஒருமுறை துண்டித்து இணைத்ததும் தாமதம் போய்விட்டது. விலான் சுவிட்ச் வாங்கியதும் அறை வாசல் ஆக்சஸ் பாயிண்டைக் கட்டிவிட்டு போர்ட் அமைப்பை இங்கே எழுதுகிறேன். பிறை அண்ணே, அதை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

#21 பிறை_வயர்மேன்

எழுதுங்க தம்பி. சுவிட்சோட நிர்வாக முகவரி எந்த விலான்ல இருக்குன்னும் சேர்த்து எழுதுங்க. பல மலிவு சுவிட்சுல அது எல்லா விலான்லயும் பதில் சொல்லும், அதனால கடவுச்சொல்லை முதல் நாளே மாத்திடுங்க.